பாறைப் பக்கத்து ஆசனம்

இன்று காலை கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறியபோது எனக்கு முன்னால் இருந்த ஒரு தாய் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த பிள்ளைக்குத் தலைசுற்று போல. தோலை நசுக்கி அதன் மூக்கருகே பிடித்தாள். அந்த மணம் பின்னால் வந்ததும் நீ ஞாபகம் வந்தாய். நாங்கள் முதியவர்களைக் கூட்டிக்கொண்டு மலைப்பாதைக்குப் போகும் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பை நிறையத் தோடம்பழத் தோல் இருக்கும். வளைவு தொடங்கியதும் நீ எழும்பி, ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டை நசுக்கிக் கொடுப்பாய். "நல்ல பிள்ளை" என்று உன் கன்னத்தைத் தடவுவார்கள். விடியமுன் எழும்பித் தோலைச் சீவிப் பையில் போட்டவள் நான் என்பது யாருக்கும் தெரியாது. பஸ் கோட்டையைத் தாண்டும்வரை நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். இறந்துபோன ஒருத்தியைப் பற்றி எனக்கு முதலில் வரும் நினைப்பு இதுவென்றால் என்னைப் பற்றி நீயே முடிவு செய்துகொள்.

நீ போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம். திவசத்துக்கு வெளியிடும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லி உன் அம்மா கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் சிரிப்பு, நீ முதியவர்களோடு பழகும் விதம், வெள்ளவத்தை ஒழுங்கை முழுக்க உனக்கு இருந்த மாமாமார் மாமிமார். எல்லாம் உண்மைதான். எழுதாமல் விட்டதும் உண்மை. எனக்கு உன்மேல் பொறாமை இருந்தது என்று எழுத வந்து, 'இருந்தது' என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. இருக்கிறது. அதனால்தான் இந்த மடல். இது மலருக்கு அல்ல.

பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் நீ என் பக்கத்தில் வந்து இருந்ததற்குக் காரணம் என் குறிப்புகள் என்று எனக்கு அப்போதே தெரியும். நீ அதை மறைக்கவும் இல்லை. "உன்ர கொப்பியைப் பாத்தா சேருக்கே பொறாமை வரும்" என்றாய். எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. வகுப்பில் கை உயர்த்திக் கேட்கப் பயம், ஆகவே எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். உன் வீட்டில் மாமா, சித்தி, பெரியம்மாவின் பிள்ளைகள் எல்லோருக்கும் பட்டம் இருந்தது. நீ குறிப்பே எழுதாமல் பரீட்சையில் சித்தியடைந்தாய்.

பட்டமளிப்பு அன்று உன் அம்மாவும் அப்பாவும் மேல்மாடத்தில் முன்வரிசையில் நின்று கை தட்டினார்கள். என் அப்பாவுக்கான ஆசனம் அவர்களுக்குப் பக்கத்தில்தான். அது வெறுமையாக இருந்தது. விழா முடிந்து வெளியே வந்தபோது அவர் வாசல் கேற்றடியில், காவலாளியின் கதிரையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு இருந்தார். "பஸ் பிந்திருச்சி மகள்" என்றார். நான் நம்பினேன். அன்று உன்னோடு படம் எடுக்க எனக்கு மனமில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

பிறகு இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை. தையற்கடைக்கு மேலே இருபத்திரண்டு படி ஏறினால் வரும் அந்தச் சின்ன அலுவலகம், வயதானவர்களுக்குச் சுற்றுலா ஒழுங்கு செய்வதற்கென்றே திறக்கப்பட்டது. ஓய்வுபெற்ற ஞானம் டீச்சர் நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு கீழே தையற்கடை வாசலில் நின்று, "நடக்க ஏலாத ஆக்களுக்கு ஒஃபீஸ மேல வச்ச புத்திசாலி ஆர்?" என்று கத்தியது நினைவிருக்கிறதா? நீ யன்னலால் தலையை நீட்டினாய். "அது உங்களுக்கு டெஸ்ட் டீச்சர். ஏறிட்டீங்கள் எண்டா நுவரெலியா. ஏறாட்டி இந்தா கிடக்கிற காலிமுகத்திடல்!" தையற்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அதே பதில் எனக்கும் வந்தது, அரை மணித்தியாலம் கழித்து. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

டீச்சர்தான் அந்தப் பயணத்தைக் கேட்டவர். வெளிநாட்டில் இருக்கும் மருமகன் ஒரு பெரிய மலைப்பிளவின் படங்களை அனுப்பியிருந்தான். செங்குத்தான பாறை, அடியில் நூல் போல ஆறு. "கோயில் குளம் எல்லாம் பாத்தாச்சு. எனக்கு ஒரு பெரிய பள்ளம் பாக்கவேணும். ஆனா நான் பஸ்ஸ விட்டு இறங்கமாட்டன்" என்றார். நீ உடனே "எல்ல!" என்றாய். எல்லயிலிருந்து வெல்லவாய பக்கம் இறங்கும் பாதையில் இரண்டு மலைகளுக்கு நடுவே அப்படி ஒரு பிளவு இருக்கிறது. ஆனால் எந்தத் திசையில் போவது என்று கண்டுபிடித்தவள் நான்.

அது ஒரு சின்ன விடயம். ஆனால் என் வாழ்க்கையில் நானே யோசித்துக் கண்ட சில விடயங்களில் ஒன்று, ஆகவே திரும்பவும் சொல்கிறேன். எல்லோரும் வெல்லவாயவிலிருந்து மேலே ஏறுவார்கள். அப்படி ஏறினால் பள்ளம் வலப்பக்கம். பஸ்ஸின் கதவோ இடப்பக்கம். முழங்கால் மோசமானவர்களைக் கதவுக்கு அருகில்தான் இருத்த வேண்டும், ஆகவே மிகவும் கஷ்டப்பட்டு வருபவர்கள் பாறையைப் பார்த்துக்கொண்டு போவார்கள். இரத்தினபுரி, அப்புத்தளை வழியாகச் சுற்றிப் போய், பண்டாரவளையில் தங்கி, அடுத்த நாள் எல்லயிலிருந்து இறங்கினால் பள்ளம் இடப்பக்கம் வரும். கதவோரத்தில் இருப்பவருக்குத்தான் முழுக் காட்சியும். வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து இதைக் கண்டுபிடித்த மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். பின்னேரம் நீ முதலாளியிடம் "நாங்கள் ஒண்டு கண்டுபிடிச்சம்" என்று தொடங்கினாய். அந்த 'நாங்கள்' இன்னும் எனக்குக் குத்துகிறது.

முன்னோட்டம் பார்க்க நீயும் நானும் சாரதி சுனில் அய்யேயும் போனோம். அதுவும் என் யோசனைதான், ஆனால் அதை ஒரு கூத்தாக்கியவள் நீ. மடங்காத முழங்காலோடு ஒருவர் எப்படிப் படி ஏறுவார், எவ்வளவு உயரமான கொமட்டில் இருந்து எழும்புவார் என்பதைத் தெரிந்துகொள்ள, இரண்டு மர அடிமட்டங்களை முழங்காலின் இரண்டு பக்கமும் வைத்து பண்டேஜால் இறுக்கிக் கட்டவேண்டும் என்றேன். நான் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். நீ காலை நீட்டிவிட்டாய். நீ நொண்ட, நான் பின்னால் கொப்பியோடு, படிகளை அளந்துகொண்டு. பெலிஹுல்ஓயாவில் தேநீர்க் கடைப் பெண் ஓடிவந்து, "அனே நங்கி, மொகத வுனே?", என்ன நடந்தது என்று உன் காலைப் பார்த்துப் பதறினாள். நீ கொய்யா மரத்தால் விழுந்துவிட்டதாகச் சிங்களத்தில் ஒரு முழுக்கதை சொன்னாய். அவள் உனக்கு இலவசமாக இஞ்சித் தேநீர் ஊற்றினாள். நான் வெட்கத்தில் வெளியே போய் நின்றேன். எனக்கும் ஒரு தேநீர் வேண்டும்போல் இருந்தது.

நான் முதியவர்களைப் பற்றி எழுதினேன். நீ அவர்களோடு கதைத்தாய். எங்களுக்குள் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான் என்று நான் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டதுண்டு. ஆனால் அப்பா விடயம் வந்தபோது அந்தச் சமாதானம் போதவில்லை.

அப்பா துறைமுகத்தில் சாமான் இறக்கும் வேலை செய்தவர் என்பதும், நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது கப்பலின் கிடங்குக்குள் விழுந்து வலது முழங்கால் மடங்காமல் போனது என்பதும் உனக்குத் தெரியும். அம்மா போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அப்பா என்னோடு கதைப்பது, சோறு போதுமா, கதவு பூட்டினாயா, குடை எடுத்தாயா. மூன்று வருடமாக ஒவ்வொரு பயணத்துக்கும் அவரைக் கூப்பிட்டேன். "நமக்கு எதுக்கு மகள்" என்பார். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரமாய்ப் பார்த்து வந்தாய். அவர் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு, நீ கொண்டுவந்த கடலைச் சுருளைப் பிரித்தாய். நான் குசினியில் தேநீர் போட்டேன். சீனி போடும்போது உள்ளே அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது. வாய்விட்டு, இருமல் வரும்வரை. இருபத்தாறு வருடம் அவரோடு இருந்திருக்கிறேன், அந்தச் சத்தம் எனக்குப் புதிது. தேநீரைக் கொண்டுபோனேன். இரண்டு பேரும் நிறுத்திவிட்டீர்கள்.

"என்னத்துக்குச் சிரிச்சீங்க?"

"ஒண்டும் இல்லையடி. பழைய கப்பல் கதை" என்றாய்.

"சொல்லுங்கவன் அப்பா, நானும் கேக்க."

"அது சும்மா மகள்" என்றார். தேநீரை வாங்கி ஊதினார்.

அன்று நீ போகும்போது அப்பா வருவதாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நீ நாலு ஞாயிறு வந்தாய். நான் எண்ணினேன்.

ஆசன வரைபடத்தை நான் நீலப் பேனையில் கீறியிருந்தேன். கதவுக்குப் பின்னால் முதல் ஆசனம், இடப்பக்க யன்னலோரம், அப்பா. கால் நீட்ட இடம், ஒரே படி, முழுப் பள்ளமும் கண்முன்னே. பயணத்துக்கு ஒரு மாதம் இருந்தபோது அதில் சிவப்பு அம்பு ஒன்று கண்டேன். அப்பாவைத் தூக்கிச் சாரதிக்குப் பின்னால், வலப்பக்கத்தில், பாறைச் சுவரைத் தவிர வேறெதுவும் தெரியாத ஆசனத்தில் போட்டிருந்தாய். அங்கே போகக் கதவிலிருந்து குறுக்கே நடக்கவேண்டும். கால் நீட்டவும் இடம் காணாது.

"இது என்னடி? அவரிட முழங்கால் உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அவரிட்டக் கேட்டுட்டுச் சொல்லுறன். அதுவரைக்கும் மாத்தாதை."

என் அப்பாவைப் பற்றி எனக்குச் சொல்ல, என் அப்பாவிடம் நீ அனுமதி கேட்கவேண்டும். பயணக் கோப்பை மூடி வைத்தேன். அந்தக் கிழமையே உனக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றேன். ஆறாவது நாள் நீ இல்லை. கனத்தை மயானத்துக்கு அப்பா வந்தார், காலை இழுத்துக்கொண்டு. எனக்காக அவர் அவ்வளவு தூரம் நடந்து வந்ததில்லை. உன் சிதைக்கு முன்னால் நின்றுகொண்டு நான் அதையும் யோசித்தேன்.

பயணத்தை இரண்டு மாதம் தள்ளிப்போட்டோம். கோப்பை மறுபடி எடுத்தபோது சிவப்பு அம்பு அப்படியே இருந்தது. நான் செய்யவேண்டியது ஒன்றுதான். வீட்டுக்குப் போய், "அப்பா, உங்களை ஏன் அந்தப் பக்கம் இருத்தச் சொன்னாள்?" என்று கேட்பது. என்னால் கேட்க முடியவில்லை. கேட்டால் உனக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நீ இல்லாதபோதும் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வெள்ளை மையால் உன் அம்பை அழித்தேன். காய்ந்த பிறகு அதன்மேல் நீலத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். திட்டம் என்னுடையது, முழங்கால் என் அப்பாவுடையது. சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

முதல் நாள் ஏறும்போது பள்ளம் வலப்பக்கம் இருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. அப்பா நன்றாகத் தூங்கினார். பண்டாரவளையில் டீச்சரோடு சீட்டு விளையாடித் தோற்றார். அடுத்த நாள் எல்ல தாண்டி முதல் வளைவு திரும்பியதும் இடப்பக்கம் தரை காணாமல் போனது. பஸ் முழுக்க "ஆ" என்ற சத்தம். டீச்சர், "இது! இதத்தான் கேட்டனான்!" என்று நடைச்சட்டத்தைத் தட்டினார். நான் அப்பாவின் பக்கம் குனிந்து, "பாருங்கப்பா, உங்களுக்காகத்தான் இந்தப் பக்கம்" என்றேன்.

அவர் கண்ணை மூடியிருந்தார். முன் கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்துப்போயிருந்தது. காதுக்குப் பின்னால் வியர்வை ஓடியது. கால் வலியாக்கும் என்று நான் தலையணையைத் தேடினேன்.

"மகள், பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லு."

"அய்யே, பொட்டக் நவத்தன்ன" என்று கத்தினேன்.

"மெதன பே நங்கி, வங்குவ!" வளைவில் நிறுத்த முடியாது என்றார் சுனில் அய்யே. இன்னும் மூன்று வளைவு. மூன்றிலும் அப்பா மூச்சை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் பின்னால் இருந்து, "என்ன அந்தோனி, கப்பல்ல நிண்ட ஆளுக்குப் பள்ளம் பயமோ?" என்று கேலி செய்தார். அப்பாவின் முகத்தைக் கண்டதும், "ஐயோ பகிடிக்குச் சொன்னனான், பிள்ளை, தண்ணி குடு" என்று பதறிப்போனார்.

நிறுத்த இடம் கிடைத்ததும் இரண்டு பேராகத் தாங்கி அவரைச் சாரதிக்குப் பின்னால் கொண்டுபோய் இருத்தினோம். மடங்காத கால் நடைவழியில் நீட்டிக்கொண்டிருந்தது. அது யாருக்கும் தடையாக இருக்கவில்லை. அந்த ஆசனத்தில் இருந்தவர் அப்பா இருந்த இடத்துக்கு மாறினார், அவ்வளவுதான். உன் ஏற்பாட்டில் ஒரு பிழையும் இல்லை. யன்னலுக்கு வெளியே, வீதிக்கு அந்தப் பக்கம், பாறை. பன்னச் செடி, கசியும் தண்ணீர், பாசி. அப்பா அதைப் பார்த்து மெல்ல மூச்சு விட்டார்.

"அந்தப் பிள்ள என்னய இந்தப் பக்கம் மாத்துறேன்னு சொல்லிச்சே. உனக்குச் சொல்லலியா?"

"சொன்னாள்" என்றேன். "நான்தான் திருப்பி மாத்தினேன்."

அவர் அதற்குக் கோபப்படவில்லை. கிடங்குக்குள் விழுந்த நாளிலிருந்து அவரால் உயரத்திலிருந்து கீழே பார்க்க முடியாதாம். பாலத்தில், மொட்டைமாடியில், எங்கள் அலுவலகப் படியில். பட்டமளிப்பு அன்று பஸ் பிந்தவில்லை. நேரத்துக்கு வந்து, மேல்மாடத்துக்கு ஏறி, கீழே தெரிந்த மண்டபத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி இறங்கியிருக்கிறார். "உன் பேரக் கூப்பிட்டது கேட்டுச்சி மகள். படியில நின்னு கேட்டேன்."

நான் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டேன்.

"அவளுக்குச் சொன்னீங்க. எனக்கு ஏன் சொல்லல?"

"நீ எழுதி வச்சிருவ மகள்" என்றார்.

குற்றம் சொல்லும் குரல் இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார். பன்னிரண்டு வயதிலிருந்து நான் அவருக்கு முன்னால் நட்டஈடு, ஆஸ்பத்திரி என்று ஏதோ ஒரு படிவத்தோடு இருந்திருக்கிறேன். விழுந்த திகதி என்ன, எத்தனை அடி, வலி எங்கே, இப்போது எவ்வளவு நடக்கலாம். அவர் சொல்வார், நான் எழுதுவேன், அவர் கையெழுத்து வைப்பார். நான் அதை அன்பு என்று நினைத்திருந்தேன். அன்புதான். ஆனால் பயத்தைப் படிவத்தில் எழுத அவருக்கு விருப்பமில்லை. நீ வெறும் கையோடு வந்தாய், கடலைச் சுருளோடு.

இதை உனக்கு எழுதலாமா என்று நேற்று அப்பாவிடம் கேட்டேன். "அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சதத்தான எழுதப்போற, எழுது" என்றார். இப்போது பயணத்துக்கு வரும் ஒவ்வொருவரோடும் கீழே தையற்கடையில் இருந்து கொஞ்ச நேரம் கதைக்கிறேன். உன்னைப்போல் வராது. அவர்கள் இன்னும் "மற்றப் பிள்ளை எங்கே" என்றுதான் கேட்கிறார்கள். சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லும்போது அழுகையும் எரிச்சலும் ஒன்றாகவே வருகின்றன. உன் இடத்துக்கு வந்துவிட்டேன் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம்.

ஆனால் ஒன்று. அன்று வெல்லவாய சமவெளியில் இறங்கிய பிறகு, மற்றவர்கள் எல்லாம் தூங்கிப்போன நேரத்தில், அப்பா அம்மாவைப் பற்றி ஒரு கதை சொன்னார். நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது, இருமல் வரும்வரை சிரித்தார். முடிந்ததும், "இது அந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்ல" என்றார். கொப்பி என் கைப்பையில் இருந்தது. நான் தொடவில்லை. அன்றிரவும் எழுதி வைக்கவில்லை. மறந்துபோகும் என்ற பயத்தில் சில நாட்களில் பஸ்ஸில் இருந்து அதை முதலிலிருந்து கடைசிவரை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். உனக்குக் கேட்க ஆசையாக இருக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லமாட்டேன்.